முத்திரை இல்லாத ஐந்து கொப்பிகள்

இன்று பின்னேரம் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தடியில் உன் தம்பி ஒரு நீல ஃபைலைக் கையில் தந்தான். உன்னை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து உன் அறையை ஒதுக்கினானாம். உன் பெர்மெசோ வதிவிட அட்டை, பழைய வாடகை ஒப்பந்தம், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசை நின்று எடுத்த நம்பர்த் துண்டுகள்கூட அதற்குள் இருந்தன. நீ பதினொரு வருடம் எழுதிய ஐந்து கொப்பிகள் இல்லை.

“கொப்பியள் எங்கையடா?” என்றேன்.

“இத்தாலியன் கடுதாசி ஒண்டையும் எறியேல்லை அண்ணை. முத்திரை குத்தினதெல்லாம் பத்திரமா வைச்சிருக்கிறன். தமிழிலை இருந்ததைத்தான் குப்பையிலை போட்டனான். ஆர் உதைக் கேக்கப் போகினம்?”

கை ஓங்கிவிட்டேன். ஆனால் அவனில் என்ன பிழை? முத்திரை உள்ளதுதான் கடுதாசி என்று இந்த ஊர் அவனுக்குப் படிப்பித்திருக்கிறது. எனக்கு உன்மேல்தான் கோபம், மச்சான். செத்தவன் என்றும் பார்க்கமாட்டேன், ஏசத்தான் போகிறேன்.

லிபெர்த்தாத் தெருவில் நீ சம்பளத்துக்குப் பராமரித்த கிழவர், அந்த ஓய்வுபெற்ற பாதிரியார்தான், உனக்கு ஓர் ஆயரின் எழுத்தைக் காட்டினார். ஆதித் திருச்சபையின் ஆயர். எத்தனையோ நூல்கள் எழுதியவர்; ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை. பின்னால் வந்தவர்கள் தங்கள் புத்தகங்களில் எடுத்துக் காட்டிய வரிகள்தான் மிச்சம். கிழவர் கட்டிலில் கிடந்தபடி விளக்க, நீ அவற்றைத் தமிழாக்கி, கீழே உன் எண்ணங்களையும் எழுதினாய். “எங்கடை பாசையிலையும் கிடக்கட்டும்” என்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வாசித்துக் காட்டுவாய். எனக்குச் சாமியும் இல்லை, சபையும் இல்லை. வரிக்கு வரி சண்டை பிடிப்பேன். ஆனாலும் எத்தனை முறை கெஞ்சினேன்! “தா, போனிலை படம் எடுத்து வைக்கிறன்.”

“இன்னும் திருத்தோணும். முடிச்சாப்பிறகு தாறன்.”

விசரா! ஆயரின் நூல்கள் தொலைந்த கதையைக் கண்டவனுக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீ. உன்னுடையதைக் கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் போட்டு வைத்தாயே, உனக்கு மூளை எங்கே போனது?

வீட்டுக்கு வந்து, உனக்கு அனுப்பிய பழைய செய்திகளைப் போனில் தேடினேன். வாக்குவாதத்தின் சூடு ஆறாமல், பஸ்ஸில் இருந்தே நீ வாசித்த வரியை அப்படியே தட்டி, கீழே என் ஏச்சையும் எழுதி அனுப்புவேன். ஒன்று இப்படி இருந்தது: “‘அவருடைய நூல்கள் தொலைந்ததும் கடவுளின் சித்தமே’ எண்டு எழுதியிருக்கிறாய். கடவுளிலை பழியைப் போடாதை. வைச்சிருந்தவங்களுக்குக் கவனமில்லை.” இப்படிப் பத்தொன்பது வரிகள் கிடைத்தன.

நல்ல இடங்களும் இருந்தன. கடலைப் பற்றி ஒரு பக்கம் வாசித்தாய். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். அதற்கு மறுப்பு இல்லை, அதனால் எதையும் எழுதவில்லை. இப்போது எவ்வளவு யோசித்தும் அதில் ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது. பிடித்ததையெல்லாம் காதால் கேட்டதோடு விட்டிருக்கிறேன், மச்சான். என்னிடம் இருப்பவை நீ சொன்னது பிழை என்று நான் அடித்துப் பேசியவை மட்டும்தான்.

என் ஏச்சுகளை விட்டுவிட்டு உன் வரிகளை மட்டும் தாளில் எடுத்து எழுதினேன். இரண்டு பக்கம்கூட நிரம்பவில்லை.