கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் சொன்ன பொய்

இன்று காலை கெல்சென்கிர்ச்சன் நகரசபையில் என் புதிய கடவுச்சீட்டை எடுக்கப் போயிருந்தேன். பழையதன் மூலையை வெட்டிய அலுவலர், நினைவுக்கு வேண்டுமா என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, ட்ராம் தரிப்பிடத்து வாங்கில் இருந்து அழுதேன். நீ கண்மூடி ஐந்து மாதமாகிறது.

அன்று நான் உயர்த்திப் பிடித்தது இந்தப் பழைய கடவுச்சீட்டைத்தான்.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். நீ சந்தியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போட்டிருந்த தகரக் கொட்டகையில் இருந்தாய். போரின் கடைசி நாட்களில் உன் தம்பியை உன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவள் நீ. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரைத் தெரியாது.

அது மே மாதம். போர் முடிந்த அந்த மாதத்தில் பட்டினி கிடந்த சனத்தின் உயிரைப் பிடித்து வைத்த கஞ்சியை ஆண்டுதோறும் காய்ச்சி, தெருவில் போகிறவர்களுக்குச் சிரட்டையில் கொடுப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவளைக் கண்டதும் உனக்குக் கொண்டாட்டம்.

"ஜேர்மன்காரி, சும்மா நிக்காதை. இந்தா, கிண்டு. எனக்குத் தோள்மூட்டு நோகுது."

"உப்புக் காணாதடி."

"அண்டைக்கும் காணாதுதான். பேசாமல் கிண்டு."

இரண்டு வாகனங்களில் பொலிஸார் வந்தார்கள். ஒருவர் சிங்களத்தில் ஒரு நீதிமன்றத் தாளை வாசித்தார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கஞ்சி குடுக்க ஏலாது. கோட் ஓடர். நோய் வரும்."

"சேர், பக்கத்துக் கடையிலை ரொட்டி விக்கினம். அதிலை நோய் வராதோ?" என்று கேட்டாய். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. பானையை உதைத்தான் ஒருவன். கொதிக்கும் கஞ்சி உன் வலது காலில் கொட்டியது. நீ தம்பியின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாய்.

உன்னையும் இன்னும் மூன்று பெண்களையும் இழுத்தார்கள். ஒரு பெண் பொலிஸ் என் கையையும் பற்றினாள். நான் கடவுச்சீட்டை எடுத்து உயர்த்திப் பிடித்து, "ஜேர்மன்! ஜேர்மன்!" என்று கத்தினேன்.

"இவங்களைத் தெரியுமா?" என்று உன்னைக் காட்டிக் கேட்டார் அந்தத் தமிழ் பேசியவர்.

"தெரியாது. ரோட்டாலை போகேக்கை கஞ்சி தந்தவை. அவ்வளவுதான்."

நீ திரும்பிப் பார்த்தாய். பிறகு அவரிடம் அமைதியாகச் சொன்னாய்: "ஓம் சேர், உவ ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது."

என்னை விட்டார்கள். நான் பயணத் திகதியை மாற்றி, இரண்டே நாளில் விமானம் ஏறினேன்.

பன்னிரண்டு நாள் விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டு வந்து எனக்குத்தான் முதலில் அழைப்பு எடுத்தாய்.

"உனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"என்னை மன்னிச்சுக்கொள்ளடி."

"விசர்க்கதை கதையாதை. நீயும் உள்ளை வந்து என்ன செய்யிறது? ஒண்டு கேக்கட்டே? பொலிஸை மறிச்சதெண்டு எங்கள்மேலை வழக்கு. எங்கடை சட்டத்தரணிக்கு ஒரு சத்தியக் கடதாசி தாறியோ? நாங்கள் ஆரையும் மறிக்கேல்லை, கஞ்சிதான் குடுத்தனாங்கள் எண்டு. பக்கத்திலை நிண்டு பார்த்த வெளியாள் நீ ஒராள்தான்."

"ஓம், எழுதுறன்" என்றேன். எழுதவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை கூட என்றேன். மகளுக்கு ஆவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, தொடங்குகிறது என்றேன். கடதாசியை உறுதிப்படுத்த நொத்தாரிசிடம் டெர்மின், நேரம், கிடைக்கவில்லை என்றேன். அடுத்த முறை விமான நிலையத்தில் என் பெயரைப் பார்த்து மறித்துவிடுவார்களோ என்ற பயம்தான் உண்மை. புண் ஆறாத காலோடு இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் போனாய். கடதாசி என்ன மாதிரி என்று இரண்டு தரம் கேட்டாய். மூன்றாம் தரம், "அங்கை குளிரோ?" என்று மட்டும் கேட்டாய்.

ஒரு தவணைக்குப் போய் வந்த பின்னேரம், நெஞ்சு நோகிறது என்று படுத்தவள் எழும்பவில்லை என்று உன் தங்கை சொன்னாள். தம்பியைப் பற்றி ஒரு பதிலும் வராமலே போய்விட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடங்களாக நீ தெருவில் இருந்து எதிர்த்த அந்தத் 'தெரியாது' என்ற சொல்லைத்தான் நானும் உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கிழமையே எழுதினேன். உன்னை ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும் என்று தொடங்கி, கண்ட எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

"இனி ஊருக்குப் போறது கஷ்டம். யோசிச்சீரோ?" என்றார் என் கணவர்.

"ஓம்" என்றேன்.

சட்டத்தரணி தொலைபேசியில் தன்மையாகத்தான் பேசினார். "அவவின்ரை பேர் வழக்கிலையிருந்து எடுபட்டிட்டுது, அக்கா. மற்ற மூண்டு பேருக்கும் உதவும்."

அந்த மூவரில் ஒருத்தி போன கிழமை அழைத்தாள். நீ என்னைப் பற்றி ஒருநாளும் பிழையாகக் கதைத்ததில்லையாம். 'அவள் பயந்திட்டாள், பாவம்' என்று மட்டும் சொல்வாயாம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

ஒரு தரமாவது நீ என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருப்பேன். புண்பட்ட காலோடு நின்று எனக்காக நீ சொன்ன பொய்தான் என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க இனி நீ இல்லை.