அம்மாவின் இடப்பக்கம்

பிப்ரவரி 4

என் வாயாடித் தங்கைக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கண்ணில் கிளாக்கோமாவாம். வலியில்லை, சிவப்பில்லை. கண்ணாடி மாற்றத்தான் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறதாம். ஓரத்துப் பார்வைதான் முதலில் போகுமாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து.

முதல் வாரம் பாதி மருந்து கன்னத்தில்தான் விழுந்தது. கண்ணுக்கு ஊற்றுகிறாயா காதுக்கு ஊற்றுகிறாயா என்று உன் அத்தான் ஒரே கேலி. இப்போது டாக்டரைக் கேட்டுவிட்டு பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். சில்லென்று பட்டால் உள்ளே விழுந்தது என்று அர்த்தம்.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால் உடனே பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். இந்த வாரமே போ. சாக்குப்போக்கு சொல்லாதே.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்பு அக்கா,

உன் கண்ணை நீ பார்த்துக்கொள். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வயதிலும் ஊசியில் நூல் கோர்க்கிறேன், அறுந்த பட்டன்களைத் தைத்துத்தான் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன். அத்தானிடம் சொல், காதுக்கும் ஒரு சொட்டு ஊற்றச் சொல்லி. நாம் கூப்பிட்டால் அவருக்கு என்றைக்குக் கேட்டது?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. தம்பி வருகிறான்.

இஸ்திரி மேசைக்கு இடப்பக்கம், துணி மூட்டைகளுக்கு நடுவில் நிற்கிறான். அன்றைக்கு இருந்த அதே சின்னப் பிள்ளை உயரம். திரும்பினால் இல்லை. அவன் வர ஆரம்பித்ததிலிருந்து கடையே ஒரு மாதிரி இருக்கிறது. துணி வாங்க வருகிறவர்கள்கூடத் திடீரென்று தரையிலிருந்து முளைத்தது போல் நிற்கிறார்கள். போன வாரம் சூடான இஸ்திரிப் பெட்டி மேலேயே இடது கையை வைத்துவிட்டேன். அவன்தான் தள்ளிவிட்டான் என்று தோன்றியது.

அவனுக்குக் கோபம் இருக்காதா? நான் கூட்டிக்கொண்டு போய் லாரிக்குக் கொடுத்தேன் என்றுதானே வீடே சொன்னது. அம்மா நூல் வாங்கிவரச் சொன்னாள், நான் தனியாகத்தான் போனேன், அவன் எப்போது பின்னால் வந்தான் என்று எனக்குத் தெரியாது. பத்து வயதில் இதை எத்தனை பேரிடம் சொன்னேன்! அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நான் வாசலைப் பாத்துத்தான் உக்காந்திருந்தேன். என் கண்ணைத் தாண்டி அவன் கேட்டுக்குப் போகல. இவதான் பின்பக்கமா கூட்டிட்டுப் போயிருக்கா."

அம்மா பொய் பேசாதவள். அப்படியானால் நான்தானே பொய்க்காரி. அப்புறம் அழுது அழுதே அம்மாவுக்குக் கண் போயிற்று. அந்தப் பழியும் என் தலையில்தான் வந்து விழுந்தது.

எனக்கும் போனால் போகட்டும் அக்கா. மருந்து ஊற்றி, இவனும் வராமல் போய்விட்டால், எனக்கு வேறு யார் வருகிறார்கள்?

உன் வாயாடி


மார்ச் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி வருவதைப் பற்றி நான் உன்னோடு சண்டைக்கு வரவில்லை. இதை மட்டும் பொறுமையாகப் படி.

நேற்று மறுபடி டாக்டரிடம் போனேன். பெற்றவர்களுக்குக் கண் நோய் உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு அழுதே கண் போனது என்றேன். "அழுதா கண்ணு போகாதும்மா" என்றார். அழுவதற்கு முன்னால் எப்படி இருந்தார்கள் என்று அவர் கேட்டதும் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அம்மா தையல் மெஷினில் ஊசி கோர்ப்பாள், உன்னைப் போலவே. ஆனால் நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள். பக்கத்தில் போய் நின்றால் திடுக்கிட்டு, பூனை மாதிரி வந்து நிற்காதே என்று திட்டுவாள். நினைவிருக்கிறதா? இதெல்லாம் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே.

மெஷின் போட்டிருந்த இடத்தை யோசித்துப் பார். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் கேட் அம்மாவுக்கு இடப்பக்கம். அவன் அவளைத் தாண்டித்தான் போயிருக்கிறான். அவளுக்குத் தெரியவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. இத்தனை காலம் சுமந்த பாரத்தை இனியாவது இறக்கி வை.

உனக்கும் இடப்பக்கம்தான் எல்லாம் நடக்கிறது. உன் காலில் விழுந்து கேட்கிறேன், டாக்டரிடம் போ.

அக்கா


மார்ச் 28

அக்கா,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

ஓர் இருட்டறையில் உட்கார வைத்தார்கள். நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும், ஓரத்தில் சின்னச் சின்னதாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். இடப்பக்கம் எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டேன். "அது முடிஞ்சே போச்சும்மா" என்றாள் பரிசோதித்த பெண்.

பார்வை போன இடம் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எனக்கு எல்லாம் முழுசாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கும் அன்றைக்கு வாசல் அப்படித்தான் முழுசாகத் தெரிந்திருக்கும், அவன் மட்டும் அதில் இல்லாமல். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மருந்தை ஒழுங்காகப் போடுகிறேன், நீ கவலைப்படாதே. தம்பியைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பார்வை போன இடத்தை மூளை தன்னிடம் இருப்பதைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும், சிலருக்கு உருவம்கூடத் தெரியும், பைத்தியம் இல்லை என்றார். மருந்து போட்ட பிறகும் வருகிறான். நேற்றும் வந்தான்.

பாரத்தை இறக்கி வை என்று எழுதியிருந்தாய். யார் மேல் இறக்குவது, அம்மா மேலா? என்னால் முடியாது.

ஆனால் வேறொன்று என்னைத் தின்கிறது. அவன் போன பிறகு, அவன் சாப்பிடும் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று நான் அங்கே மாறி உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இடப்பக்கம். அப்பாவுக்குப் பரிமாறுவாள், உனக்குப் பரிமாறுவாள், பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். இது எனக்குத் தண்டனை என்று நினைத்து நான் ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே வழித்துத் தின்பேன். என்னை வெறுத்தாளா, நான் அங்கே உட்கார்ந்திருந்ததே அவளுக்குத் தெரியவில்லையா? இனி அவளைக் கேட்க முடியாது.

நீ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய். அம்மாவுக்காவது கண்ணில் நோய் இருந்தது. உனக்கு அப்போது என்ன, அக்கா?

தங்கை