உரைத்தனள், மறைத்தனள்

அன்புள்ள சில்வண்டுக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு, அந்த நாட்டுக் குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு நீ சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அப்பா சுகமில்லை. போனில் நான் வெறும் இருமல் என்று சொன்னேனே, அது இருமல் மட்டும் இல்லை கண்ணு. நுரையீரலில் கட்டி, வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது. இதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் துணி துவைத்தாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று ஏதேதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுத்தில்தான் என்னால் முடியும் போல இருக்கிறது.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனிமே வலியைக் குறைக்கலாம்மா, நோயைக் குறைக்க முடியாது என்றார். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்று பெரிய வீராங்கனை மாதிரி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் பிழை தேடிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்றார். சளி கட்டியிருக்காம், மாத்திரையை மாத்தியிருக்கார் என்று என் வாயில் வந்துவிட்டது. சரி மேடம், அங்கே பாரு, 'வரிசையாக செல்லவும்'னு எழுதியிருக்கான், 'ச்' கீழே விழுந்துடுச்சு, அதையும் இங்கேயே அட்மிட் பண்ணச் சொல்லு என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எப்படிச் சிரித்தேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஒன்றும் நடக்காத மாதிரியே இருந்தோம். கட்டிலைக் கூடத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. அவர் பதிப்பிக்கிற பழைய பாட்டுத் தொகுதிக்கு எங்கள் அச்சகத்தில் பிழை பார்ப்பவள் நான்தானே, தாள்களை வீட்டுக்கே கொண்டுவந்து, அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் திருத்துவேன். தாள் பறக்காமல் இருக்க இருமல் மருந்து பாட்டில்தான் மேலே. அதில் ஒரு பாட்டு. போரில் புண்பட்டு வீடு திரும்பியவனுக்கு மனைவி கட்டுப் போடுகிறாள், பிழைப்பேனா என்று அவன் கேட்கிறான். ஒரு சுவடியில் 'மெய் உரைத்தனள்' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'மெய் மறைத்தனள்'. அடியின் கடைசிச் சொல், அதனால் எதுகை உதவாது, ஓசையும் இரண்டுக்கும் ஒன்றே. அப்பா பல வருஷமாக உரைத்தனள் கட்சி. பழைய இலக்கியத்தில் உண்மை என்றால் நடந்ததை ஒப்பிப்பது இல்லை, சொல்கிறவரின் நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் இருப்பது என்று நீ சின்னவளாக இருந்தபோது உன்னிடம்கூடப் பிரசங்கம் செய்வார். மிட்டாய் தின்னது என் வாய்க்குத்தான் தெரியும், நெஞ்சுக்குத் தெரியாதுப்பா என்பாய் நீ.

போன வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது, நீ என்ன சொல்றே மேடம், எது சரி என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. மறைத்தனள்தான், ரத்தம் நிக்கலையேன்னு துணியை மாத்தி மாத்திக் கட்டிட்டிருக்கிறப்ப எந்தப் பொம்பளை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவா என்று படபடவென்று கொட்டிவிட்டேன், கூடவே அழுகையும் வந்துவிட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சரி, டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார், இப்பச் சொல்லு என்றார். சொன்னேன், ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார். இத்தனை நாளா இதைத் தனியாவா தூக்கிட்டுத் திரிஞ்சே, பைத்தியம், நானும் ஒரு பக்கம் பிடிச்சிருப்பேனே என்றார். மறுநாள் மேலே உரைத்தனள் என்றே போடச் சொன்னார், மறைத்தனளை அடிக்குறிப்பில் சேர்க்கச் சொன்னார். ரெண்டு சுவடியும் ஒரே வீட்டுக் கதைதான் போல, முதல்ல மறைச்சிருப்பா, அப்புறம் மாட்டியிருப்பா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

ஆனால் உன் பேச்சு வந்ததும் மனிதர் கட்சி மாறிவிட்டார். பிள்ளைக்குக் கடைசி வருஷப் பரீட்சை, அது முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதே என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தனியா தூக்கினேன்னு என்னைத் திட்டினீங்க, இப்ப அவளைக் கைவீசிக்கிட்டு நடக்க விட்டுட்டு, பின்னாடி மொத்தத்தையும் அவ தலையில போடச் சொல்றீங்களா, அவ என்னை மன்னிப்பாளா என்று கேட்டேன். ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது, எழுதறதுன்னா எழுது, பிள்ளை பயந்துடாத மாதிரி எழுது என்றார். எப்படி எழுதினால் நீ பயப்படமாட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வயதில் உன்னைப் பெற்று, உன்னை மடியில் போட்டுக்கொண்டே கல்லூரிப் பாடம் படித்தவள் நான், அதில் எதுவும் இதற்கு உதவவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வருவதா, உடனே கிளம்புவதா என்பதை நீயே முடிவு செய். அப்பாவைக் கேட்டால் பரீட்சைதான் முக்கியம் என்பார். என்னைக் கேட்டால், நீ இப்போதே வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் போல இருக்கிறது. டாக்டர் காலக்கணக்கு எதுவும் சொல்லவில்லை, பொண்ணு வர்றதை ரொம்பத் தள்ளிப் போடாதீங்க என்று மட்டும் சொன்னார். எதுவானாலும் உன் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொல், பரீட்சையைப் பிறகு எழுத முடியுமா என்று கேள். வந்தால் அப்பாவைப் பார்த்ததும் திடுக்கிடுவாய், சட்டை அவர்மேல் தொங்குகிறது, கன்னம் ஒட்டிவிட்டது. அழுகை வந்தால் அவர் முன்னாலேயே அழு, குளியலறைக்குள் ஓடாதே. நல்லாத்தானே இருக்கீங்க என்று மட்டும் சொல்லிவிடாதே, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், அவர்கள் போனதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனிதர்கள் சூழ இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். இதைப் படித்ததும் தனியாக அறையில் உட்கார்ந்திருக்காதே, தோழி யாரையாவது கூட வைத்துக்கொள். பாஸ்போர்ட் இருக்கிற இடத்தை ஒருமுறை பார்த்து வை. பயப்படாதே என்று எழுதத்தான் வந்தேன். எனக்கே பயமாக இருக்கிறது, கண்ணு.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்க்கும்
அம்மா