காடாத் துணிச் சட்டை ஜெயித்தது

தூலோன், 12 மார்ச் 1978

என் பிரியமுள்ள ழுலியேத்துக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நான் சுகம்தான். தோள் மட்டும் சற்று வீங்கியிருக்கிறது, பயப்படாதே.

ஜெயித்துவிட்டேன்! நேற்று எங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்து ஜூடோப் போட்டியில் நீ தைத்து அனுப்பிய காடாத் துணிச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். கடையில் வாங்கியது கிறிஸ்துமஸ் சமயத்தில் தோளோடு கிழிந்து எல்லோரும் சிரித்தார்களே, இப்போது சிரிக்கட்டும்! எதிராளி மாடு மாதிரி இழுத்தான். நம் திருமலைராயன்பட்டினம் மரியமுத்து ஓரத்திலிருந்து, "இழுக்கட்டும் வுடுங்கண்ணே, அண்ணி போட்ட தையல் பிரியாது!" என்று கத்தினான். பிரியவேயில்லை. இழுத்தவனே தடுமாறி விழுந்தான். நானும் கூடவே விழுந்ததில்தான் இந்தத் தோள். ஜூன் மாதம் மார்செய் போட்டிக்கு என்னைச் சேர்த்துவிட்டார்கள்!

ஒரு குறை. பூசைக்குக் கட்டும் வேட்டிக்குப் போடுவது போல இதற்கும் கஞ்சி போட்டுவிட்டாய். சட்டை பலகை மாதிரி நின்றது, கழுத்தெல்லாம் சிராய்ப்பு. வியர்த்ததும் கஞ்சி ஊறி, நம் அடுப்படி வாசனை வந்தது. ஒரு நிமிஷம் எதிராளியையே மறந்துவிட்டேன்.

மார்செய்க்கு இன்னொன்று தைத்துக் கொடு. கஞ்சி வேண்டாம். புதுக் காடா முரடு, போடப் போடத்தான் மெத்தென்றாகும். அதனால் நாலு நாள் நீயே அதைப் போட்டுக்கொண்டு வீட்டு வேலை பார்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான், முடிக்கிறேன். சட்டையைத் துவைக்காமல் அப்படியே அனுப்பு.

உன்
ஆல்போன்ஸ்