ஆயில் குறையாத கார்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட துணி பாதி வேலி மேல். இனியாவுக்குக் கீழ்ப்பல் இரண்டாவதும் எட்டிப் பார்க்கிறது. உடம்பு 99.2. காய்ச்சல் இல்லையாம், இவர் சொல்கிறார். "நீ டிவி ரிமோட்டுக்குக்கூட காய்ச்சல் பாக்குற ஆளு" என்று கிண்டல் வேறு.

இவர் பட்டறையில் சிவப்புக் காரின் பிளக் இன்றும் வெளுப்பு. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது காற்று நுழையும் வாயை இவர் கொஞ்சம் அகலப்படுத்தினார். ஓனர் கேட்டதுதான்: "தம்பி, லேசா இழுவை கூடணும், சத்தம் வேணாம்." காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட் மட்டும் பழைய அளவு.

"பெரிய ஜெட் போடுங்க."

"சத்தத்துலயே தெரியும் கவி எனக்கு. கிண்ணுனு இருக்கு."

"அப்படிக் கிண்ணுனு இருக்கும்போதுதாங்க சூடு ஏறும்."

சாப்பிட்டுவிட்டு ஜெட் தேடப் போனார்.

ஜூன் 10, செவ்வாய்

பெரிய ஜெட் போட்டாச்சு. துவரங்குறிச்சி வரை போய் வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபித்தூள் நிறம். அதுதான் வேண்டும்! வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். நான் தொடுவதற்குள் இனியா கை நீட்டிவிட்டாள். கை கழுவினேன், இருமுறை.

நோட் எழுதுவது என் வேலை. எழுதியது:
ஓடியது 260 கி.மீ.
பிளக் - சரி
தண்ணீர்ச் சூடு - சரி
புகை - இல்லை
ஆயில் - குறையவில்லை

வந்தபோது ஊரே இருமும்படி புகை விட்ட வண்டி. இப்போது துளிகூட இல்லை. டீக்கடைக்காரர் வந்து பார்த்து, "யப்பா, புது வண்டி கெட்டுச்சு போ" என்றாராம். இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஐந்து மாத உழைப்பு. ரோட்டரி இன்ஜின் இவர் தொடுவது இதுவே முதல் தடவை. மனசு நிறைந்திருந்தது எனக்கும்.

வாங்க: கேழ்வரகு மாவு, குட்டி நகவெட்டி.

ஜூன் 12, வியாழன்

வெயில். கரன்ட் இல்லை, மூன்று மணி நேரம்.

400 கி.மீ. ஆயில் - குறையவில்லை. எழுதிவிட்டுப் பேனாவை மூட முடியவில்லை. ஏன் குறையவில்லை?

இதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண உருளை இரண்டு சுற்றும். மூன்று முனையிலும் மெல்லிய பட்டை மாதிரி சீல், சுவரை உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலுக்கு இன்ஜினே கொஞ்சம் ஆயிலை எடுத்துப் பெட்ரோலோடு சேர்த்து எரிக்கும். காலேஜில் அரைப் பக்கம் படித்தது. இனியாவுக்குப் பால் கொடுத்தபடி போனில் மேனுவலை மறுபடி பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது. சும்மா ஓடினாலும் ஆயில் கொஞ்சமாவது இறங்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "கார்புரேட்டருக்கு ரெண்டு சின்ன ஆயில் பைப் போகுமே, அது இருக்குதுல்ல?"

"அதையா? அடைச்சுட்டேனே! பொகைக்குக் காரணமே அதுதான். பெட்ரோல் போற எடத்துல ஆயிலுக்கு என்ன வேல? எவனோ தப்பா மாட்டிருக்கான்."

கையில் எடுத்த சோறு அப்படியே. மற்ற எந்த வண்டியிலும் இவர் செய்ததுதான் சரி. பெட்ரோலில் ஆயில் கலந்தால் கோளாறு, அடைக்க வேண்டியதுதான். இதில் மட்டும் அது தப்பு.

சொன்னேன். சொல்லும்போதே அழுகை.

அத்தை மோர் ஊற்ற வந்தவர் நின்றுவிட்டார். "எண்ணெ குடிக்காத வண்டியப் பாத்து அழுகுறவள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

இவர் சிரிக்கவில்லை. "நானூறு கிலோமீட்டர் ஓட்டிருக்கேன் கவி" என்றார், மெதுவாக.

சீல் ஒடிந்தால் சுவரையும் கீறிவிடும். அப்புறம் அந்த இன்ஜின் இல்லை. இந்த சீல் ஜப்பானிலிருந்து வர நான்கு மாதம் ஆனது. ஓனர் ஞாயிறு வருகிறார், நேரே சென்னைக்கு ஓட்டிப் போக.

ஜூன் 13, வெள்ளி

தூக்கமில்லை. இனியா நன்றாகத் தூங்கினாள், அதையும் நான்குமுறை எழுந்து பார்த்தேன்.

காலை ஏழு மணிக்கே பட்டறை. இனியா என் இடுப்பில். பிரிக்காமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது: பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஓட்டை வழியாகக் காற்று 'புஸ் புஸ் புஸ்' என்று சீராக வர வேண்டும். சீல் போயிருந்தால் நடுவில் ஊமை விழும்.

முதல் உருளை. "நீ கேளு. எனக்கு இன்னிக்குக் காது வேல செய்யல" என்றார். சத்தத்துலயே தெரியும் என்றவர்.

புஸ் புஸ் புஸ். புஸ் புஸ் புஸ். சீர்.

இரண்டாவது. புஸ் புஸ்... லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மறுபடி. சீர். இன்னொருமுறை சுற்றச் சொன்னேன். அதுவும் சீர். இனியா வாயைக் குவித்து எச்சில் தெறிக்க "பூ பூ பூ". இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக ஓட்டிப் பழக்கியதால் தப்பியிருக்கிறது, வேறென்ன.

பைப் இரண்டையும் திறந்து மாட்டினார். போதாதென்று டேங்கிலும் பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி ஆயில், லிட்டருக்கு 5 மி.லி. அளக்க இனியாவின் தீர்ந்துபோன மருந்து பாட்டில் மூடி. குறி சரியாக ஐந்தில் இருக்கிறது. முப்பது மூடி. எண்ணியது நான், நடுவில் விட்டுப்போய் முதலிலிருந்து.

"மறந்துட்டு திரும்ப மருந்து பாட்டில்ல போட்றாதீங்க."

"அத நீ நாலு தடவ சொல்லிட்ட."

மூடியைத் தூக்கிப் போட்டேன். குப்பைத் தொட்டியில் கிடக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம், மழை இல்லை. அத்தை கோழிக்குழம்பு. இனியா 98.4.

ஓனர் பத்து மணிக்கு வந்தார். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நூல் மாதிரி நீலப் புகை. முகம் மாறிவிட்டது அவருக்கு. "என்ன தம்பி, பொகை நின்னு போச்சுன்னு போன்ல சொன்னீங்க?"

"அன்னிக்கு சொன்னது தப்பு சார். நான்தான் ஆயில் பைப்ப அடைச்சு வச்சிருந்தேன். வீட்லதான் கண்டுபிடிச்சாங்க." என் பக்கம் கை காட்டினார். "இதுல கொஞ்சம் பொகை வரணும். வரலேன்னா வண்டிய நிறுத்திட்டு எனக்குப் போன் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். இனியா அவர் சாவியைப் பிடுங்கப் பார்த்தாள். பிளக், சீல் சத்தம், ஆயில் எல்லாம் கேட்டார். நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். டேங்கில் கலக்க வேண்டிய அளவையும் எழுதிக் கொடுத்தேன். பெரிய எழுத்தில்.

கிளம்பிப் போகும் சத்தம் கல்யாண மண்டபம் வரை கேட்டது. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

மதியம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. விழுப்புரம் தாண்டியிருப்பாரா? அத்தை: "ஆத்தாடி, வண்டிய விட்டுட்டுப் புள்ளையப் பாரு."

மாலை போன். சேர்ந்துவிட்டாராம். இழுவை அபாரமாம். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்ஜின் ஆறினதும் ஆயில் பாத்தீங்களா சார்?" நான்தான் கேட்டேன்.

"பாத்தேம்மா. அளவுக் குச்சியில நக அகலம் எறங்கியிருக்கு."

"நெசமா எறங்கியிருக்கா?"

"எறங்கியிருக்கும்மா."

அப்பாடா.