வெள்ளீய ஆணி

புதன் கோள், விடியல் நிலையம்
பதிவு: எஸ்தர், உலோகப் பொறியாளர்

நாள் 61, 09:00
எல்லாம் வழக்கம்போல. இன்று ஆயுத பூஜை. இங்கே இருப்பது நானும் ஓட்டுநர் இசக்கிராஜும்தான். சோதனைக்காகக் கழற்றி வைத்திருந்த கதவு வெப்பமானி முதல் மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தான். எனக்கும் வைக்க வந்தான். நானும் ஒரு கருவிதானாம். துரத்திவிட்டேன்.

நாள் 63, 10:20
சூரியன் எட்டிப் பார்த்துவிட்டது. வெளிக்கதவின் தாழ்ப்பாளைத் தாங்கி நிற்பது ஒரு வெள்ளீய ஆணி. வெயிலில் கதவு சூடாகி 232 டிகிரியைத் தொட்டால் அது உருகும், தாழ் விழுந்து கதவு பூட்டிக்கொள்ளும், நிலையம் தப்பும். அதற்கு முன், வெப்பமானி 220 காட்டும்போதே மணி அடிக்கும். எதிரே வெளிக்கம்பத்தில் மாட்டிய வெப்பமானி, தொடாமலே கதவைப் பார்த்து 171 என்கிறது. பாறை எடுக்கப் போன இசக்கி, இன்னொரு நடை போகலாமா என்று கேட்டான். போ என்றேன்.

11:05
தாழ் விழுந்துவிட்டது. மணி அடிக்கவில்லை. திரையில் 184. வெள்ளீயம் 184-இல் உருகாது. உருகவே உருகாது!

வானொலியில் இசக்கி: "எஸ்தரக்கா, கதவு தெறக்க மாட்டேங்கு. வெளையாடுதியளா?"

11:20
மாற்று ஆணி என் கையில். அதைச் சொருகும் துளை கதவுக்கு வெளியே. இப்படி வடிவமைத்தவன் நாசமாய்ப் போக. வேறு வாசல் கிடையாது. கடப்பாரையால் அடித்துப் பார்த்தேன், கீறல்தான் விழுந்தது. அவனிடம் இன்னும் அரைமணி நேரக் காற்று.

11:31
வெப்பமானியைப் பார்க்கச் சொன்னேன்.

"அக்கா... கண்ணாடில சந்தனம் காஞ்சு கெடக்கு. பொட்ட அழிக்கக்கூடாதுன்னு நான்தான் அப்பிடியே மாட்டுனேன்."

துடைத்தான். எண் 247-க்குத் தாவியது. மணி இப்போதுதான் அடித்தது. வாய்விட்டு அழுதேன்.

11:44
கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். வெப்பமானிக்கு இப்போது கதவு தெரியவில்லை, அவன்தான் தெரிகிறான். 58.

"கதவு ஆறுதாக்கா? ஆறுனா தெறக்கும்லா?"

"ஆறுதுடா. எண் கொறஞ்சுட்டே வருது."

"அப்பொ சரி. இருக்கேன்."

12:06
உடுப்பின் குளிர்விப்பான் நின்றுவிட்டது. 96. கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

12:50
170. ஏறுகிறது. பூஜையில் மிஞ்சிய சந்தனத்தைக் குழைத்துத் திரை முழுக்க அப்பிவிட்டேன். எண் தெரியவில்லை. இதைப் படிக்கிறவரே, துடைக்காதீர்கள்.

13:38
மணி அடிக்கிறது.