மாரியம்மன் வேடக்காரருக்கு அம்மை குத்திய விவரமும் விண்ணப்பமும்

அனுப்புநர்
மு. ஹபிபுல்லா,
அம்மை குத்தும் ஊழியர்,
கடலூர்.

பெறுநர்
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
தென்னாற்காடு ஜில்லா, கடலூர்.

பொருள்: நடிகர் திரு. கலியமூர்த்தி மீதான புகாரைத் தள்ளி, புவனகிரி நாடகத்துக்கு அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சிதம்பரத்தில் தையற்கடை வைத்திருக்கும் திரு. கலியமூர்த்தி, தம் நண்பர்களோடு நடத்தும் புதிய நாடகத்தில் மாரியம்மனாக வேடம் கட்டுகிறார். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்பு பத்து நாள் ஒருவேளை உணவுதான், செருப்பும் அணியமாட்டார். வேடத்திலிருக்கும் அவரைப் பெண்கள் கும்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

2. சென்ற வைகாசியில் செம்மங்குப்பம் பக்கம் பெரியம்மை கண்டது. அம்மை குத்த ஐந்து நாள் தெருத்தெருவாக அலைந்தேன். ஆத்தாள் கோபிப்பாள் என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் பேரில் எனக்கு வருத்தமில்லை. குடிக்க மோர் மட்டும் ஜன்னல் வழியே கொடுத்தார்கள்.

3. ஆறாம் நாள் மாலை அங்கே நாடகம். அம்மன் அருள்வாக்குச் சொல்லும் காட்சியில், சின்னம்மாள் என்பவர் இடுப்பில் குழந்தையுடன் மேடையருகே வந்து, "ஆத்தா, இந்த பாயி அம்ம குத்தணுங்குறாரு. குத்திக்கலாமா, வேணாமா? நீயே சொல்லிடு" என்று கேட்டார். இதற்கு நாடகத்தில் வசனம் கிடையாது. ஆர்மோனியம் நின்றுவிட்டது. கலியமூர்த்தி, ஓரமாக நின்ற என்னை மேடைக்கு அழைத்தார். மேற்கையில் கட்டியிருந்த வங்கியைக் கழற்றி, "மொதல்ல எனக்குக் குத்துங்க பாயி" என்றார். குத்தினேன். மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு பேர் குத்திக்கொண்டார்கள்.

4. அம்மனை அவமதித்தார் என்று பெயரில்லாத மனு ஒன்று வந்ததால், ஆடி மாதப் புவனகிரி நாடகத்துக்கான அனுமதி நின்றுபோயிருக்கிறது. அதைவிட, அவர் மனம் ஒடிந்துவிட்டார். "ஆத்தா சொல்லாதத நான் சொல்லிட்டனா பாயி?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். நான் வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவன். ஆனாலும் சாமி விஷயத்தில் அவர் விளையாடுகிறவர் அல்லர் என்று சத்தியமாகச் சொல்வேன்.

5. சென்ற ஞாயிறன்று சின்னம்மாளும் பதினேழு பெண்களும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், ஆடிக்கு உடுத்தச் சொல்லி அவரிடம் மஞ்சள் சேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாங்கத் தயங்கியவரிடம் சின்னம்மாள் குழந்தையின் கைத்தழும்பைக் காட்டினாராம். பிறகுதான் வாங்கினார். இப்போது அதற்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இவ்விண்ணப்பத்துக்குச் சம்மதமாக அப்பெண்கள் வைத்த கைரேகைகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே ஐயா, புகாரைத் தள்ளி நாடகத்துக்கு அனுமதி அளிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். மேடையில் அம்மை குத்தியது பிழையென்று தாங்கள் கருதினால், குத்திய என்னை விசாரியுங்கள், எந்நாளும் ஆஜராவேன். ஆடி பிறக்க இரண்டே வாரம் இருக்கிறது. அவரைக் காக்கவைக்க வேண்டாம்.

இடம்: கடலூர்
தேதி: 1-7-1964

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மு. ஹபிபுல்லா